ஸ்கின் ஓபி போஸ்டிங்: எம்.பி.பி.எஸ். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் தோல் நோய்ப் பிரிவில் பல வருடங்களாக மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓபி, அதாவது வெளிநோயாளிகளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். சிலர் கூச்சத்தில் கேட்காமலே போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோல் நோய்க்கென்று தனித் தேர்வே இல்லை. இந்தப் போஸ்டிங்கைச் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பொது மருத்துவத் தாளோடு சேர்ந்து சில கேள்விகள் வரும், அவ்வளவுதான். மதிப்பெண் கணக்குப் பார்த்தால் இது சின்னப் பாடம். ஆனால் நாளைக்கு நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்காரும்போது அரிப்பு, படை, புண், தடிப்பு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அங்கே பக்கத்தில் மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் இருக்க மாட்டார். ஸ்கேன் எடுக்கவும் முடியாது, எடுத்தாலும் தோலில் பயனில்லை. உங்கள் கண்ணும் விரலும்தான் கருவி. அவற்றைப் பழக்கிக்கொள்ளும் இடம் இந்த ஓபி. இங்கே கிடைப்பது மொத்தமாகச் சில வாரங்கள். பிறகு ஹவுஸ் சர்ஜனாக இன்னும் சில நாட்கள். அப்புறம் வாய்ப்பு கிடைப்பது அரிது.

என்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

ஒரு லென்ஸ், பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது. நல்ல டார்ச். சின்னப் பிளாஸ்டிக் ஸ்கேல். ஒரு டப்பியில் கொஞ்சம் பஞ்சு. பால் பாயிண்ட் பேனா, நோட்டு. பாக்கெட்டில் ஒரு கண்ணாடி ஸ்லைடு இருந்தால் நல்லது. சிவந்த இடத்தில் அழுத்தினால் நிறம் மறைகிறதா இல்லையா என்று பார்க்க உதவும். மறையாவிட்டால் ரத்தம் குழாய்க்கு வெளியே கசிந்திருக்கிறது என்று பொருள். போன் பையிலேயே இருக்கட்டும்.

நோயாளிகள் சொல்லும் நோய்ப் பெயர்கள் எதுவும் புத்தகத்தில் இல்லையே?

இருக்காது. அந்தப் பெயர்கள் இருப்பது ஊர் மக்கள் வாயில். அவற்றைக் கற்றுக்கொள்ளாமல் இந்த ஓபியில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

தேமல், பொடுகு, மரு, பரு, வேர்க்குரு இதெல்லாம் உங்களுக்கே தெரியும். புழுவெட்டு என்றால் தலையிலோ தாடியிலோ வட்டமாக முடி கொட்டியிருக்கும், நம் மொழியில் அலோபீசியா ஏரியேட்டா. புழு எதுவும் வெட்டுவதில்லை. ஆனாலும் சின்ன வெங்காயம் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள். மங்கு என்றால் கன்னத்தில் பழுப்பாகப் படரும் மெலாஸ்மா. சேற்றுப்புண் என்றால் கால் விரலிடுக்கு ஊறிப்போய் வெந்திருக்கும். பித்தவெடிப்பு குதிகால் வெடிப்பு. அதற்கும் பித்தத்துக்கும் சம்பந்தமில்லை. காணாக்கடி என்று சொன்னால் பெரும்பாலும் அர்ட்டிக்கேரியா. என்ன கடித்தது என்றே தெரியாமல் உடம்பெல்லாம் தடித்துவிட்டதால் அந்தப் பெயர். எனக்குப் பிடித்த சொல் அது, நோயை ஒரே சொல்லில் அப்படியே சொல்லிவிடுகிறது.

அக்கி தனிக் கதை. மார்பிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் வரிசையாக வந்து எரியும் ஹெர்ப்பிஸ் சோஸ்டர் அது. பல ஊர்களில் மண்பாண்டம் செய்பவரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வார்கள். செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி உருவம் வரைந்துவிடுவார். அந்தக் காவியோடுதான் ஓபிக்கு வருவார்கள். "இதையெல்லாம் ஏன் பூசினீங்க?" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்த முறை வராமலே இருந்துவிடுவார். என்றைக்குக் கொப்புளம் வந்தது, என்றைக்கு எழுதினார்கள் என்று கேளுங்கள். வைரஸ் மருந்தை முதல் 3 நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதனால் அந்தக் கணக்கு முக்கியம். கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ கொப்புளம் இருந்தால் கண் மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று: குழந்தை முகத்தில் வெளுத்த திட்டு இருந்தால் வயிற்றில் பூச்சி என்று பாட்டி சொல்வார். அநேகமாக அது வறட்சியால் வரும் பிட்டிரியாசிஸ் ஆல்பா. எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ போதும். பாட்டியிடம் அதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

முதலில் ஹிஸ்டரி எடுப்பதா, தோலைப் பார்ப்பதா?

மற்ற வார்டில் ஹிஸ்டரி முதலில். இங்கே நான் மாணவர்களை முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கே இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, வெயில் படும் இடமா, துணி உரசும் இடமா? அதற்குப் பிறகு கேளுங்கள். அப்போது கேள்வியே வேறு மாதிரி வரும்.

பாவாடை நாடா கட்டும் இடுப்பில் கறுத்துத் தடித்திருந்தால், நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார், எத்தனை வருடமாக என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. நாள்பட்ட உரசலில் அங்கே புற்றுநோய் வருவது இந்தியப் பெண்களிடம் பதிவாகியிருக்கிறது. நெற்றிப் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தால் ஸ்டிக்கர் பொட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அதன் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களைக் கொன்றுவிடும். கொத்தனார் கைகளில் வெடிப்பும் அரிப்பும் என்றால் சிமென்டில் உள்ள குரோமேட். தலைக்கு டை அடித்து இரண்டு நாளில் நெற்றியும் காதும் வீங்கினால் டையில் உள்ள பி.பி.டி. என்ற வேதிப்பொருள். இதெல்லாம் பார்த்த பிறகு கேட்டால் ஒரே கேள்வியில் வந்துவிடும். பார்க்காமல் கேட்டால் அரை மணி நேரம் கேட்டாலும் வராது.

கட்டாயம் கேட்க வேண்டியவை மூன்று: இதுவரை என்னென்ன போட்டார், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, வேறு எதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

லீஷனை, அதாவது தோலில் தெரியும் மாற்றத்தை, எப்படி விவரிப்பது? எல்லாமே "ராஷ்" மாதிரிதான் தெரிகிறது.

"ராஷ்" என்ற சொல்லை இரண்டு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்றால் மேக்யூல். கடுகு, மிளகு மாதிரி தட்டுப்பட்டால் பாப்யூல். தோசை மாதிரி பரந்து தடித்திருந்தால் பிளேக். ஆழமாகக் கோலிக்குண்டு போல உருண்டால் நாட்யூல். உள்ளே நீர் இருந்தால் சின்னது வெசிக்கிள், பெரியது புல்லா. சீழ் இருந்தால் பஸ்டியூல். அதற்குப் பிறகு ஓரம், நிறம், செதில், எத்தனை, எங்கெங்கே.

நோயின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சரியாக விவரித்த மாணவரிடமிருந்து போனில் கேட்டே என்னால் நோயை ஊகிக்க முடியும். பெயரை மட்டும் சொல்லும் மாணவர் தவறினால் திரும்பி வர வழியே இருக்காது.

புத்தகப் படத்தில் சிவப்பாக இருப்பது நம் ஆட்களிடம் சிவப்பாகவே தெரியவில்லையே?

நல்ல கேள்வி, கேட்கத் தயங்க வேண்டாம். நிறையப் பாடநூல் படங்கள் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் சிவப்பு என்பது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கறுப்பாகவே தெரியும். சோரியாசிஸ் பிளேக் நம்மிடம் சாம்பல் செதிலோடு கருநீலம் கலந்து இருக்கும். நிறத்தை நம்பாமல் சூட்டை நம்புங்கள். புறங்கையை அந்த இடத்திலும் பக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்தால் வித்தியாசம் தெரியும். உள்ளங்கை, இமையின் உட்புறம், வாய்க்குள் பாருங்கள். வெளிச்சம் முக்கியம், டியூப்லைட்டுக்குக் கீழே பார்ப்பதைவிட ஜன்னல் ஓரம் கூட்டிப் போய்ப் பார்ப்பது நல்லது.

நோயாளியைத் தொட்டால் எனக்கும் வந்துவிடுமா? கையுறை போட்டுக்கொள்ளலாமா?

ஈரமான புண், ரத்தம், சீழ், வாய், பிறப்புறுப்பு, சொறி சிரங்கு என்று சந்தேகப்படும் தோல் என்றால் கையுறை போடுங்கள். மற்றபடி காய்ந்த தோலை வெறும் கையால் தொடுங்கள். தொடும் முன்பும் பின்பும் கை கழுவுங்கள். சோரியாசிஸ் ஒட்டாது. வெண்புள்ளி ஒட்டாது. எக்சிமா ஒட்டாது.

இதில் மருத்துவத்துக்கு மேலாகவும் ஒன்று இருக்கிறது. சோரியாசிஸ் வந்தவருக்கு பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். வெண்புள்ளி வந்த பெண்ணின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வீட்டுக்கு வந்தவர்கள் தயங்குவார்கள். அப்படிப்பட்டவர் உங்கள் முன் கையை நீட்டும்போது நீங்கள் பேனா முனையால் சுட்டிக் காட்டினால் அவருக்கு உடனே புரிந்துவிடும். கையைப் பிடித்துப் பாருங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் விதமே மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று படித்தோம். பிறகு ஏன் எல்லா வெளுத்த திட்டுக்கும் அதை நினைக்கச் சொல்கிறீர்கள்?

ஒழியவில்லை. 2005 முடிவில் இந்தியாவில் 10,000 பேருக்கு 1 நோயாளிக்கும் குறைவு என்ற நிலை வந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து நீங்கிவிட்டது என்றுதான் அப்போது அறிவித்தார்கள். அதை மக்களும், வருத்தத்தோடு சொல்கிறேன், மருத்துவர்களும் நோயே போய்விட்டதாக எடுத்துக்கொண்டார்கள். புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள், குழந்தைகளும் வருகிறார்கள். கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகும்.

தமிழ்நாட்டில் படிக்கும் உங்களுக்கு இந்த நோயின் வரலாறு பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டு திருமணியில் மத்தியத் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம். வேலூர் பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை. வேலூர் சி.எம்.சி.யில்தான் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். விரல் அழுகி உதிர்வது கிருமியின் நேரடி வேலை இல்லை, உணர்வு போனதால் அடிபட்டதும் சுட்டுக்கொண்டதும் தெரியாமல் போவதுதான் காரணம் என்பதை அவர் அழுத்தமாக நிறுவினார்.

மருந்து இலவசம். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்தை 1980களிலிருந்து தருகிறார்கள். 5 திட்டு வரை 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம் என்பது அடிப்படைக் கணக்கு. நரம்புகள் பாதிக்கப்பட்டது, தோலைக் கீறி எடுக்கும் ஸ்மியரில் கிருமி இருப்பது இதெல்லாம் சேர்ந்தால் கணக்கு மாறும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவும் தன்மை போய்விடும். நோயாளியிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லுங்கள்: மாதம் ஒரு முறை மருந்து விழுங்கும் அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். தோல் கொஞ்சம் கறுக்கும், மருந்து முடிந்த பிறகு மெல்லத் தெளியும். சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள்.

தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவு 2019-ல்தான் நம் திருமணச் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டது. எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். அதனால்தான் ஓபி அறையில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், அடுத்த பெஞ்சில் நோயாளியின் ஊர்க்காரர் உட்கார்ந்திருக்கலாம்.

தொழுநோய் என்று சந்தேகப்படும் திட்டில் உணர்வு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். மாணவனாக இருந்தபோது, முன்கையில் வெளுத்த திட்டோடு ஒரு டீ மாஸ்டர் வந்தார். அரிப்பு இல்லை, வலி இல்லை. நான் பார்த்த பார்வையில் தேமல் என்று நோட்டில் எழுதி, களிம்பு என்றும் எழுதிவிட்டேன். எங்கள் பேராசிரியர் நோட்டைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அவர் கையைத் திருப்பினார். திட்டுக்குள்ளேயே ஒரு சுட்ட காயம், ஆறிக்கொண்டிருந்தது. "இது எப்போ பட்டுச்சு?" என்றார். "தெரியலீங்க சார், பாய்லர் பட்டிருக்கும்" என்றார் அவர். தினமும் கொதிநீரோடு வேலை செய்கிறவருக்குச் சுட்டது தெரியவில்லை. நான் அந்தக் காயத்தைப் பார்த்திருந்தேன். பார்த்தும் கேட்கவில்லை. பேராசிரியர் மேசையிலிருந்து பஞ்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

செய்முறை இதுதான். பஞ்சை நூல் போலத் திரித்து நுனியை மெல்லியதாக்குங்கள். முதலில் நல்ல தோலில், நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டுக் காட்டுங்கள்: "இப்படித் தொடுவேன். தொட்ட இடத்தை விரலால காட்டணும், சரியா?" அவருக்குப் புரிந்த பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சின் நுனி லேசாக வளையும் அளவு தொட்டு எடுங்கள், இழுக்காதீர்கள். நல்ல தோலிலும் திட்டிலும் மாற்றி மாற்றி. இடையிடையே தொடாமலும் கொஞ்சம் நிறுத்துங்கள். "தெரியுதா, தெரியுதா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டால் அவர் உங்களைத் திருப்திப்படுத்த "தெரியுது" என்பார். அதனால் கேட்கவே கேட்காதீர்கள், அவர் விரல் பதில் சொல்லட்டும். முகத்தில் திட்டு இருந்தால் உணர்வு இழப்பு தெளிவாகத் தெரியாது, அதை மட்டும் வைத்துத் தொழுநோய் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிறகு நரம்பு தடித்திருக்கிறதா, வலிக்கிறதா என்று பார்ப்பது. முழங்கையை மடக்கி உட்புற எலும்புக்குப் பின்னால் அல்நார் நரம்பு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஃபிபுலா கழுத்தில் இன்னொன்று. தலையை ஒரு பக்கம் திருப்பச் சொன்னால் கழுத்தில் குறுக்கே கயிறு போல ஓடுவது. இரண்டு பக்கமும் ஒப்பிட்டு உருட்டிப் பாருங்கள். உருட்டும்போது உங்கள் கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும். வலியை அவர் வாய் மறைத்தாலும் முகம் மறைக்காது.

படர்தாமரைக்கு மருந்து கொடுத்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?

இந்த ஓபியில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

முன்பெல்லாம் படர்தாமரை இரண்டு மூன்று வாரக் களிம்பில் போய்விடும். இப்போது மாதக்கணக்கில் போகிறது, தொடையிடுக்கிலிருந்து முதுகு, முகம் வரை பரவுகிறது. காரணம் இரண்டு. ஒன்று பூஞ்சையே மாறிவிட்டது. இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்து வந்த நோயாளிகளிடம் பிரித்தெடுத்த வகைக்கு 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் பல, நாம் நம்பியிருந்த டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு மசிவதில்லை. அந்த மருந்து தாக்கும் என்சைமில் மரபணு மாற்றம் வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் மருந்துக் கடை. "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என மூன்றும் கலந்த களிம்பு கிடைக்கிறது. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், தோலின் எதிர்ப்பையும் அடக்கும், பூஞ்சை உள்ளே நன்றாகத் தழைக்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும். மறுபடியும் அதே டியூப். அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பி போடுவான். வட்டத்தின் ஓரம் கலைந்து, நடுவில் இன்னொரு வட்டம் வந்து, எந்த நோய் என்றே அடையாளம் தெரியாமல் போகும். தொடையிடுக்கில் பிரசவத் தழும்பு போலக் கோடு கோடாகத் தோல் கிழிந்திருக்கும், பதினெட்டு வயதுப் பையனுக்கு. அந்தக் கோடு வாழ்நாள் முழுக்கப் போகாது.

2018-ல் மத்திய அரசு மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கிடைக்கிறது. அதனால் "என்ன போட்டீங்க?" என்பதோடு நிற்காதீர்கள். டியூபையே எடுத்துவரச் சொல்லுங்கள், காலியான டியூபாக இருந்தாலும். முகம் வெளுக்க வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பு தொடங்கி வருடக்கணக்கில் நிறுத்த முடியாமல் இருக்கும் பெண்கள் "சாதாரண ஃபேஸ் கிரீம்தான்" என்பார்கள், பையிலிருந்து எடுத்தால் அதுவும் ஸ்டீராய்டு கலந்ததாகவே இருக்கும்.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியவை: வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும், துண்டும் உள்ளாடையும் தனித்தனி, இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், தோல் தெளிந்த பிறகும் சொன்ன நாள் வரை மருந்து. அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதைப் பற்றியும் பேசுங்கள். ஈரத்தோடு அங்கேயே கிடந்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

பூஞ்சையைப் பார்க்க கே.ஓ.ஹெச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) விட்டுப் போடும் ஸ்லைடில் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

நடுவில் சுரண்டியிருப்பீர்கள். பூஞ்சை உயிரோடு பரவுவது ஓரத்தில். ஸ்பிரிட்டால் துடைத்து, மழுங்கிய பிளேடால் ஓரச் செதிலைச் சுரண்டி ஸ்லைடில் போட்டு, 10 சதவீதக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் மூடி ஒரு கால் மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டால் செல்கள் கரையாமல் மறைக்கும். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறையுங்கள், நிறையப் பேர் தவறுவது இங்கேதான். செல் ஓரங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒரே தடிமனில், கிளை பிரிந்து ஓடும் இழை தெரிந்தால் அதுதான். செல் ஓரத்தையே ஒட்டி வளைந்து போனால் அது பூஞ்சை இல்லை.

சொறி சிரங்குக்கு மருந்து எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குடும்பத்தை. ராத்திரியில் அரிப்பு அதிகம், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், ஆண்களுக்கு ஆணுறுப்பில் சிறு முடிச்சு என்றால் நோய் உறுதி மாதிரிதான். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம். கழுத்திலிருந்து கால் நுனி வரை, நகத்துக்கு அடியிலும், ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில். அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் ஆறவே ஆறாது. துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். பூச்சி போன பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் தினமும் பூசித் தோலை எரித்துக்கொள்வார்கள். விடுதியில் தங்கும் பிள்ளை என்றால் அந்த அறையில் உள்ள எல்லாருக்கும் மருந்து.

"களிம்பு பூசுங்க" என்று சொன்னால் போதாதா?

போதாது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது பெரியவருடைய, விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். நோயாளியின் விரலைப் பிடித்து அதிலேயே காட்டுங்கள். அப்போதுதான் அரசு மருந்தகத்தில் கொடுத்த சின்ன டியூப் எத்தனை நாள் வரும் என்று உங்களுக்கும் கணக்குத் தெரியும்.

பால்வினை நோயும் ஏன் இதே துறையில்? அந்த நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது?

சிஃபிலிஸ் தோலில் போடாத வேஷமே இல்லை, அதனால் பழங்காலத்திலிருந்தே இரண்டும் சேர்ந்தே வந்திருக்கிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பில்லாத செம்புநிறத் திட்டுகளைப் பார்த்தால் சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை எழுதாமல் அனுப்பாதீர்கள். சென்னைக்கு இதில் ஓர் இடம் உண்டு. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனின் குழு. இந்த நோய் இங்கே வராது என்று பலரும் நம்பிய காலம் அது.

பேசுவதற்கு முதலில் தனிமை வேண்டும். கூட வந்தவரை, மனைவியோ அம்மாவோ யாராக இருந்தாலும், வெளியே உட்காரச் சொல்லுங்கள். திரையை இழுங்கள். "இது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்" என்று தொடங்குங்கள். "அந்த இடத்துல புண்ணு" என்று அவர் சொன்னால், நீங்களும் அவர் சொல்லையே எடுத்துக்கொண்டு மெல்லத் தெளிவாக்குங்கள். கல்யாணம் ஆனவரா என்று கேட்டுவிட்டு அதோடு கேள்வியை முடித்துவிடாதீர்கள், அதில் எந்தத் தகவலும் இல்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்பும்போது சீட்டை மடித்துக் கையில் கொடுங்கள். எச்.ஐ.வி. நிலையை வெளியில் சொல்லக் கூடாது என்பது 2017-ல் வந்த சட்டம். நண்பர்களோடு கேன்டீனில் பேசுவதும் அதில் அடங்கும்.

ஆண் மாணவர்கள் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது சிஸ்டர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எந்த இடத்தைப் பார்க்கிறோமோ அதை மட்டும் திறந்து, பார்த்ததும் மூடுங்கள். எட்டுப் பேர் சுற்றி நின்று பார்ப்பது வேண்டாம், இரண்டு பேர் போதும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நல்ல கேஸ் வந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் போனில் வேண்டாம். படிப்புக்குத் தேவை என்றால் துறையின் கேமராவில், நோயாளி எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு, துறை எடுக்கும். பச்சை குத்தியது, தாலி, மச்சம் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும், கண்ணை மறைத்தால் மட்டும் போதாது. நோட்டில் படம் வரையுங்கள். வரைகிறவர் ஓரத்தைக் கவனிப்பார், போட்டோ எடுக்கிறவர் கவனிக்க மாட்டார்.

எதைப் பார்த்தால் உடனே சீனியரைக் கூப்பிட வேண்டும்?

காய்ச்சலோடு தோல் வலித்தால். அரிப்பு இல்லை, வலி. வாய், கண், பிறப்புறுப்பு வெந்திருந்தால். சாம்பல் கலந்த கருஞ்சிவப்புத் திட்டில் தோல் உரிந்தால். சில வாரத்துக்குள் வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை அலோபியூரினால், சல்ஃபா மருந்து தொடங்கியிருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற ஆபத்தான மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

உடம்பு முழுவதும் சிவந்து செதில் உதிர்ந்து குளிரில் நடுங்குபவர், உதடும் முகமும் வீங்கி மூச்சுத் திணறுபவர், தளர்ந்த கொப்புளம் உடைந்து உடைந்து பரவுபவர், அழுத்தினால் மறையாத புள்ளிகளோடு காய்ச்சலில் வரும் குழந்தை, தொழுநோய் மருந்து சாப்பிடும்போது திட்டு வீங்கி நரம்பு வலித்து விரல் மடங்குபவர் எல்லாரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். கடைசியில் சொன்னவருக்கு ஸ்டீராய்டு சரியான நேரத்தில் கிடைத்தால் கை பிழைக்கும். மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவரே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் ஒரு கேஸுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. எப்படிக் கற்றுக்கொள்வது?

எல்லாரையும் பார்க்க முயலாதீர்கள். காலையில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் ஓபி சீட்டு வாங்கியதிலிருந்து டாக்டர், சுரண்டல், லேப், மருந்தகம் வரை அவரோடு போங்கள். மருந்தகத்தில் அவர் கையில் வந்த மருந்தை அவரே எப்படிப் புரிந்துகொண்டார் என்று கேளுங்கள். நாங்கள் ஒரு நிமிடத்தில் சொன்னதில் பாதி அங்கே தொலைந்திருக்கும். அதைத் திரும்பச் சொல்லிப் புரியவைப்பது உங்களால் முடிந்த பெரிய உதவி. அடுத்த ரிவ்யூ தேதியைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு அவரையே தேடிப் பாருங்கள். ஒரே படையை இரண்டு முறை பார்த்தவர் பத்துப் படையை ஒரு முறை பார்த்தவரைவிட நிறையக் கற்றிருப்பார்.

நோயாளி என்னிடமே "இது எப்போ போகும், தம்பி?" என்று கேட்டால்?

கேட்பார்கள். டாக்டரிடம் கேட்கப் பயந்து உங்களிடம்தான் கேட்பார்கள். வெண்புள்ளி வந்த மகளைக் கூட்டிவந்த அம்மா கேட்கும்போது "சீக்கிரம் சரியாயிடும்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். முகத்தில் நிறம் திரும்புவது ஒரு மாதிரி, விரல் நுனியில் அது வேறு மாதிரி, மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. "எனக்கு உறுதியாத் தெரியலைம்மா, பெரிய டாக்டரிடம் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் உண்மையிலேயே போய்க் கேளுங்கள், நாங்கள் எவ்வளவு வேலையில் இருந்தாலும். கேட்டுவிட்டு அந்த பெஞ்சுக்குத் திரும்பிப் போங்கள், அவர் காத்துக்கொண்டிருப்பார்.